பி மூன்றும் சி-யும் சேராது என்று நான் எழுதியது

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மாலை நான்கு மணி: ஆய்வகத்தின் பி.எச். மீட்டர் அளவு முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் சரிபார்க்கப்பட்டது. அளவு சரி.

ஆயுத பூஜை, காலை பத்து மணி: மீட்டரின் எலக்ட்ரோடு அதன் சேமிப்புக் கரைசலிலிருந்து எடுத்துத் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, மற்றக் கருவிகளோடு பூஜைத் தட்டில் வைக்கப்பட்டது. அன்று எந்தக் கருவியும் பயன்படுத்தப்படவில்லை.

விஜயதசமி, வெள்ளிக்கிழமை, காலை 6.40: புதிய பேட்ச் தொடக்கம். முக லோஷன், இருநூறு கிலோ.

அதே நாள், 10.05: சிட்ரிக் அமிலக் கரைசல் சேர்ப்பு. வழக்கமான அளவு நான்கு லிட்டர். அன்று சேர்த்தது பதினொரு லிட்டர். மீட்டர் காட்டிய இறுதி பி.எச். 5.8. 10.25-க்குப் பேட்ச் ஏற்கப்பட்டது.

ஐப்பசி முதல் மாசி வரை: லேபிள் வந்து சேராததால் பாட்டில்கள் தகரக் கூரைக் கிடங்கில் இருந்தன.

பங்குனி இரண்டாம் வாரம்: முதல் புகார். முகம் சிவத்தல், எரிச்சல்.

சித்திரை முதல் வாரம்: சரக்கு முழுவதும் திரும்பியது.

சித்திரை மூன்றாம் வாரம்: காரண அறிக்கை தாக்கல். காரணம்: மூலப்பொருள்களின் பொருந்தாமை, விட்டமின் பி3 மற்றும் விட்டமின் சி. கையெழுத்து என்னுடையது.

இவை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தவை. மேற்கண்ட குறிப்பில் பொய் எதுவும் இல்லை, கடைசி வரியில் உள்ள காரணத்தைத் தவிர.

சென்ற மாதம் கௌதமி தொலைபேசியில் அழைத்தார். ஏனாத்தூரில் படித்துவிட்டு, நான் ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தவர். இப்போது அங்கே தயாரிப்பு முறைகளை வகுக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர்.

"சார், ஒரு கிளையண்ட் பி3-யும் சி-யும் ஒரே பாட்டில்ல கேக்கறாங்க. நம்ம ட்ரெயினிங் ஃபைல்ல முதல் பக்கமே உங்க ரிப்போர்ட்தான், ரெண்டும் சேரவே கூடாதுன்னு. ஆனா வெளியில ஊரே சேர்த்து வித்துக்கிட்டு இருக்கு. எது சார் சரி?"

"ஒரு வாரம் டைம் குடும்மா."

"ரெண்டு வரி போதும் சார். வாட்ஸ்அப்ல போட்டா கூட போதும்."

இரண்டு வரியில் சொல்லக்கூடியதுதான். அப்படிச் சொன்னால் அந்த அறிக்கை ஏன் எழுதப்பட்டது என்பது சொல்லப்படாமல் போகும். ஆகவே இந்தக் கட்டுரை. கௌதமியும் அவருக்குக் கீழே வேலை கற்பவர்களும் படிப்பதற்காக எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் வேதியியலில் முனைவர் பட்டம், ஒரு மருந்து ஆலையில் ஆறு ஆண்டுகள், பிறகு உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே சாலையோரத்தில் தொடங்கப்பட்ட இந்த அழகுப் பொருள் ஆலை. பிறர் பெயரில் விற்கப்படும் கிரீம்களையும் லோஷன்களையும் தயாரித்துக் கொடுப்பது அதன் தொழில். நான் தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாளன். தயாரிப்பு முறை வகுக்கும் பிரிவில் ஒருவர்தான் இருந்தார். அவர் விசாலாட்சி. பின்னர் என் மனைவி. ஆலைக்குள் என்னை "சார்" என்பார், வீட்டில் "என்னங்க". வாயில் கதவைத் தாண்டும்போதே அந்த மாற்றம் நிகழும். இருபத்தெட்டு ஆண்டுகளில் அது ஒருமுறைதான் பிறழ்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பிளான்ட் ஹெட் தாமோதரன் ஐயா உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு சொட்டை இடது மணிக்கட்டில் தடவி, கண்ணை மூடி முகர்வார். பிறகு மூன்று கேள்விகள், எப்போதும் அதே வரிசையில்: எவ்வளவு, எப்போது, யார் பார்த்தது. பதில் தயங்கினால் திட்டமாட்டார். பேனாவின் மூடியைத் திருகி மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த மூடி திருகும் சத்தத்துக்குப் பயந்துதான் நாங்கள் எல்லோரும் ஒழுங்காக எழுதிவைக்கக் கற்றோம். அவருக்கு அறிவியலில் இருந்த அதே நம்பிக்கை பஞ்சாங்கத்திலும் இருந்தது. ஆயுத பூஜையன்று பெரிய கலவைக் கலன் முதல் ஆய்வகத் தராசு வரை அனைத்துக்கும் பொட்டு. விஜயதசமியன்று முதல் பேட்ச் நல்ல நேரத்தில் முடிந்தாக வேண்டும். இதில் நானும் விசாலாட்சியும் குறை கண்டதில்லை. கருவியைக் கும்பிடுகிறவன் கருவியைக் கவனமாக வைத்துக்கொள்வான் என்றுதான் எண்ணியிருந்தோம்.

பி வகை விட்டமின்களோடு என் முதல் அனுபவம் பி பன்னிரண்டு. இளஞ்சிவப்பு நிறம் இயல்பாகவே வருவதால் ஒரு வாடிக்கையாளர் அதை விரும்பினார். அதே கிரீமில் சி-யும் வேண்டும் என்றார். விசாலாட்சி இரண்டு பீக்கர்களை ஆய்வக மேசையில் வைத்தார். ஒன்றில் பி பன்னிரண்டு மட்டும், மற்றதில் இரண்டும். சில நாள்களில் இரண்டாவது பீக்கர் நிறம் மங்கிப்போனது. தாமோதரன் ஐயா பார்த்துவிட்டு, "அப்போ பி-யும் சி-யும் ஆகாது" என்றார்.

"பி பன்னெண்டுக்கும் சி-க்கும் ஆகாது, ஐயா," என்றார் விசாலாட்சி. "பி-ன்னு பேரு வெச்ச எல்லாத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பி அஞ்சு சாது, சூடும் அதிக அமிலமும் இல்லாம பார்த்துக்கிட்டா யாரோடயும் இருக்கும். பி மூணுக்கு ஒரே ஒரு நிபந்தனை. புளிப்பு ஏறக் கூடாது."

அந்த நிபந்தனையைச் சற்று விளக்குகிறேன். பி மூன்று, அதாவது நியாசினமைட், நடுநிலைக்குச் சற்றுக் கீழே, பி.எச். ஐந்து முதல் ஏழு வரை நிம்மதியாக இருக்கும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அமிலம் மிகுந்து, வெப்பமும் நெடுநாள் சேர்ந்தால் ஒரு சிறு பகுதி சிதைந்து நிகோடினிக் அமிலமாகும். அது தோலில் இரத்த நாளங்களை விரித்து முகத்தைச் சிவக்க வைக்கும். தூய விட்டமின் சி-யோ கடும் புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்ற பேச்சு இங்கிருந்து பிறந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை, எவரும் தம் முகத்தில் வைக்காத அளவு வெப்பத்தில் செய்த பழைய சோதனைகள். விசாலாட்சியின் வழி எளிமையானது. தூய சி-யை விட்டுவிட்டு, புளிப்பு தேவைப்படாத அதன் நிலையான வடிவத்தை எடுத்துக்கொண்டார். பி மூன்றைக் கலவை நாற்பது பாகைக்குக் கீழே ஆறிய பிறகே சேர்த்தார். இறுதியாக சிட்ரிக் அமிலத்தால் பி.எச்.-ஐ 5.8-இல் நிறுத்தினார். இரண்டு ஆண்டுகள் சோதித்தார். அந்த லோஷன் ஆலையில் அவர் பெயரால் அறியப்பட்ட ஒரே தயாரிப்பு. மற்றவையெல்லாம் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தவை. இது அவர் கேட்டு ஆலை செய்தது. ஆறு பேட்ச்கள் எந்தக் குறையுமின்றிப் போயின.

ஏழாவது, விஜயதசமி பேட்ச்.

எலக்ட்ரோடைப் பூஜைத் தட்டில் வைத்தது நான். அதன் கண்ணாடி முனை எப்போதும் கரைசலில் நனைந்திருக்க வேண்டும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். மற்ற ஆண்டுகளில் மீட்டரின் பெட்டிமேல் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்த ஆண்டு தட்டு அழகாக அடுக்கப்பட்டிருந்தது. எலக்ட்ரோடு அதில் நடுவில் நன்றாகப் பொருந்தும் என்று தோன்றியது. முனைக்குச் சற்று மேலே சந்தனம் வைத்தேன். ஒரு முழு நாளும் இரவும் அது அப்படியே காய்ந்தது.

மறுநாள் விசாலாட்சி விடுப்பில் இருந்தார். காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டுக் கொலு. கலனருகே நானும் மல்லிகாவும். ஐயங்கார்குளத்துக்காரர் மல்லிகா, அவர் வீட்டில் அனைவரும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி போகிறவர்கள், இவர் மட்டும் கம்பெனிக்கு வந்தவர். ஒப்பந்தத் தொழிலாளி. அமிலத்தை அளந்து ஊற்றுவது அவர் வேலை. மீட்டரைப் பார்ப்பது என் வேலை. காய்ந்த எலக்ட்ரோடைச் சில மணி நேரம் ஊறவைத்து, பஃபரில் சரிபார்த்த பிறகே தொட வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். தாமோதரன் ஐயா கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். நான் கழுவினேன், சரிபார்க்கவில்லை.

நான்கு லிட்டர் போன பிறகும் மீட்டர் 6.6-இல் நின்றது.

"இன்னா சார், மீட்டரு தூங்கிக்கினு கீது," என்றார் மல்லிகா. "நானும் ஊத்திக்கினே கீறேன், அசைய மாட்டேங்குது."

"நேத்து பூஜையில சுண்டல் ஜாஸ்தியா தின்னுட்டு இருக்கும்," என்றார் பின்னால் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம்.

"நீ துன்னது போதாதா, அதுக்கு வேற வெச்சியா? சார், இது எப்பவும் நாலோட நிக்குமே. மேடம் வந்தா கேக்கப் போறாங்க."

"நேரம் போகுது, மல்லிகா. ஊத்து."

ஊற்றினார். மீட்டர் தயங்கித் தயங்கி இறங்கி, பதினொன்றாவது லிட்டரில் 5.8-ஐத் தொட்டது. பேட்ச் தாளில் பதினொன்று என்றே எழுதினேன். தாமோதரன் ஐயாவின் பயிற்சி அது. தவறையும் துல்லியமாக எழுதினேன். மறுநாள் எலக்ட்ரோடை எடுத்துப் பார்த்தபோது அதன் நுண்துளையில் சந்தனம் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, ஊறவைத்து, சரிபார்த்தேன். பேட்சை மறுபடி அளக்கவில்லை. அரை மணி நேர வேலை அது.

பங்குனியில் புகார்கள் வந்தன. திரும்பிய பெட்டிகளைப் பிரித்தபோது மல்லிகா யாரையும் கேட்காமல் ஒரு பாட்டிலைத் திறந்து முழங்கையின் உட்புறம் தடவிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். சிவந்திருந்தது.

"விட்டமினா சார் இப்பிடி எரியும்? எலுமிச்சம்பழத்த அறுத்துத் தேச்ச மாறி கீது. இது புளிப்பு சார். அன்னிக்கி நான் ஊத்துனது."

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு பாட்டிலைக் கண்ட்ரோல் சாம்பிளாகப் பூட்டி வைப்பது வழக்கம். அதை எடுத்து, சரிபார்த்த மீட்டரால் அளந்தேன். 3.9. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதுவே. திரும்பி வந்த பாட்டில் ஒன்றை வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியதில் சிறிதளவு நிகோடினிக் அமிலமும் தெரிந்தது. அமிலமும் கிடங்கின் வெப்பமும் சேர்ந்து பி மூன்றில் செய்த வேலை அது. சி-க்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

வாடிக்கையாளரின் ஆலோசகர் அதற்குள் ஒரு கடிதம் எழுதியிருந்தார்: பி மூன்றும் சி-யும் சேர்த்ததுதான் காரணம், இது எல்லோரும் அறிந்தது. தாமோதரன் ஐயா அந்தக் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர், காரணம் பொருளா, ஆளா? பொருள்னா இந்த லோஷனை நிறுத்திடலாம், வேற ஒண்ணு பண்ணிக் குடுப்போம், கதை முடிஞ்சது. ஆள்னா அவங்க பேர் கேப்பாங்க. அமிலம் ஊத்தினது மல்லிகா இல்லையா?"

"ஆமாம்."

"அப்போ?"

"பொருள்தான், ஐயா."

அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். அந்தச் சத்தத்தின் பொருள் அவருக்கும் எனக்கும் தெரியும். வெளி ஆய்வகத்தின் முடிவை மட்டும் அறிக்கையில் இணைத்தேன். 3.9 என்ற எண்ணை எங்கும் எழுதவில்லை.

மல்லிகாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் என்று எழுதியிருந்தால் அந்த ஆள் நானாக இருந்திருக்க வேண்டும். மல்லிகாவின் பெயரை அங்கே உச்சரித்தது தாமோதரன் ஐயா. அதைத் திருத்தாமல் "ஆமாம்" என்றவன் நான்.

அந்த லோஷன் நிறுத்தப்பட்டது. தயாரிப்பு முறைக்கு உரியவர் என்ற வகையில் அறிக்கையின் நகலும் பேட்ச் தாளும் விசாலாட்சிக்குப் போயின. அவர் ஆலையில் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டில், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, பேட்ச் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், எலக்ட்ரோடை யாரு தட்டுல வெச்சது?"

வீட்டுக்குள் அவர் என்னை அப்படி அழைத்தது அந்த ஒரு மாலையில்தான்.

"எல்லாரும் சேர்ந்துதான் பூஜை போட்டோம்," என்றேன்.

"சரிங்க, சார்," என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்கப் போனார். இரவுச் சாப்பாட்டின்போது மீண்டும் "என்னங்க" ஆனது. அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை. பதினொரு லிட்டர் என்ற எண்ணைப் பார்த்த ஒரு வேதியியலாளருக்கு வேறு எதையும் கேட்கத் தேவையும் இல்லை.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சமையலறை மேடையைத் துடைத்து, ஒரு சிறிய தராசையும் இரண்டு பீக்கர்களையும் எடுத்து வைப்பார். மருந்துக் கடையில் சுத்திகரித்த நீர் வாங்கி வருவது என் வேலை. எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பி.எச். தாளைத் தோய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். பழுப்பு பாட்டிலில் ஊற்றி, குளிர்பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைப்பார். காலையும் இரவும் முகத்தில் தடவிக்கொள்வார். பி மூன்றும் சி-யும், ஒரே பாட்டிலில், எட்டு ஆண்டுகளுக்கு மேல். நான் ஓய்வு பெற்ற பிறகும், அவர் ஓய்வு பெற்ற பிறகும், சிகிச்சைக்காகச் செங்கல்பட்டுக்குப் போய் வந்த மாதங்களிலும் அந்த ஞாயிறு தவறவில்லை. நான் எழுதிய அறிக்கைக்கு மறுப்பு தினமும் எதிரில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சிவப்பு இல்லை, ஓர் எரிச்சல் இல்லை.

சென்ற மார்கழியில் அவர் காலமானார்.

கௌதமிக்கு என் பதில். பி மூன்றும் சி-யின் நிலையான வடிவமும் ஒரே பாட்டிலில் இருக்கலாம்; அந்த வடிவம் தாங்கும் பி.எச்.-உம் பி மூன்றுக்கு உரிய பி.எச்.-உம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். தூய சி-யானால் தனிப் பாட்டிலில் விற்று, ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடச் சொல்வது எளிது. பழ அமிலங்களுக்கும் அதே யோசனை. ரெட்டினாலோடு பி மூன்று தாராளமாகச் சேரும்; அதன் உறுத்தலை ஓரளவு தணிக்கவும் செய்யும். பி மூன்று வாங்கும்போது அதில் நிகோடினிக் அமிலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கும் அமிலத்தின் அளவு வழக்கத்தைத் தாண்டினால் மீட்டரை நம்பாதீர்கள், நிறுத்துங்கள். எலக்ட்ரோடுக்குப் பொட்டு வேண்டாம்.

என் அறிக்கையைப் பயிற்சிக் கோப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையை அதன்மேல் வையுங்கள்.

இன்னும் முடிக்காத வேலைகள்:

அறிக்கையைத் திரும்பப் பெற்று, 3.9 என்ற அளவையும் சேர்த்து நிறுவனத்துக்குக் கடிதம். எழுதியாயிற்று. கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அதற்கு முன் ஐயங்கார்குளம் போய் மல்லிகாவைப் பார்க்க வேண்டும். அன்று அவர் சொன்னது சரி என்று அவரிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை.

ஆடியில் விசாலாட்சியின் செய்முறைத் தாளைப் பார்த்து நான் செய்த இரண்டு பாட்டில்கள் மாடியறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கின்றன. தொடக்க பி.எச். 5.8. மூன்று மாதம் முடிவது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். அளந்து, முடிவை அவர் பெயரில் கௌதமிக்கு அனுப்ப வேண்டும்.

குளிர்பெட்டியில், மார்கழி இரண்டாவது ஞாயிறு என்று அவர் கையெழுத்தில் எழுதிய பழுப்பு பாட்டில். முக்கால் பங்கு மீதி இருக்கிறது. காலாவதியாகிவிட்டது. கொட்ட வேண்டும்.